முன் வரிசைப் பாய்

தையற்காரர் தாண்டவராயருக்கு ஒளி தெரிந்துவிட்டது. ஆறு வருஷமாக விடியற்காலையில் மலையடிவாரத்து மடத்துக்கு வந்து, கொட்டாவியை அடக்கிக்கொண்டு கடைசி வரிசையில் கண் மூடி உட்கார்ந்த மனுஷன். ஐம்பத்தைந்து வயதில் ஒருவழியாகத் தெரிந்துவிட்டது.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தியானத்தில் ஒளி கண்டவர்களுக்கு முன் வரிசையில் கோரைப்பாய். காணாதவர்களுக்குப் பின்னால் வெறுந்தரை. தாண்டவராயருக்கு இரண்டு வருஷம் கழித்து வந்த அரிசிக்கடைக்காரர்கூடப் பாய்க்குப் போய்விட்டார். அது எவ்வளவு உறுத்தியது என்று தாண்டவராயரின் தையல் மிஷினுக்குத்தான் தெரியும்.

அதனால் அன்றைக்கு எல்லோருக்கும் கேட்கும்படி எழுந்து நின்றே விஷயத்தைச் சொன்னார். நாலு நாளாகப் பளிச் பளிச்சென்று மின்னுகிறது, கண்ணை மூடினாலும் மின்னுகிறது, திறந்தாலும் மின்னுகிறது என்றார். கூடவே கறுப்பாகத் தூசி மாதிரி ஏதோ பறக்கிறதாம். அது பழைய வினையெல்லாம் கழன்று போவது என்று விளக்கமும் அவரே சொல்லிவிட்டார். அரிசிக்கடைக்காரர் மனசே இல்லாமல் நகர்ந்து, பாயில் கொஞ்சம் இடம் விட்டார்.

மடத்துச் சாமி தாண்டவராயரைவிட நாலு வயது இளையவர். அவருக்கு வலது கண்ணில் பார்வை கிடையாது, பால் பூத்தாற்போல் இருக்கும். ஜோதியைக் கண்ட கண் இனி வேறொன்றையும் பார்க்க மாட்டேன் என்று நின்றுவிட்டது என்பார்கள் சீடர்கள். அவருடைய படத்தில் அந்தக் கண்ணுக்கு மட்டும் தனியாக ஒரு மல்லிகைப் பூ வைப்பார்கள். சாமி அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறந்ததில்லை.

“மின்னல் எந்தப் பக்கம், தாண்டவராயரே?” என்று கேட்டார் சாமி.

“இடது ஓரமா, சாமி.”

“இடது கண்ணைப் பொத்துங்க. தூசி பறக்குதா?”

“இல்லை.”

“இப்ப வலதைப் பொத்துங்க.”

“பறக்குது, சாமி.”

“வினை ஒரு கண்ணு வழியா மட்டுமா கழலும்?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சாமி சிரிக்கவில்லை. பூஜையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து, துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாண்டவராயரைக் கூடவே வரச் சொன்னார்.

தாண்டவராயருக்குக் கால் தரையில் பாவவில்லை. சாமி யாரையும் தனியாக எங்கேயும் கூட்டிப்போனது கிடையாது. மலைமேல் ஒரு குகை உண்டு, அங்கேதான் காதில் உபதேசம் என்று முடிவே கட்டிவிட்டார். ஆனால் அவர்கள் ஏறிய பஸ் மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டவுனுக்குப் போனது. தலையை ஆட்டாமல் உட்காருங்கள் என்பதைத் தவிர வழிநெடுக சாமி ஒன்றும் சொல்லவில்லை. இதுவும் ஒரு யோகம் போல என்று தாண்டவராயர் விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இறங்கிய இடத்தில் கண் ஆஸ்பத்திரி என்று போர்டு இருந்தது. தாண்டவராயருக்கு முகம் விழுந்துபோயிற்று.

டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டு, வெளிச்சம் அடித்து, ரொம்ப நேரம் பார்த்தார். கண்ணில் மின்னுவதற்குக் காரணம் ஆயிரம் இருக்கும் என்றார். சிலருக்கு ஒற்றைத் தலைவலிக்கு முன்னால் மின்னும், சிலருக்குப் பட்டினியோடு சட்டென்று எழுந்தால் பூச்சி பறக்கும். ஆனால் திடீரென்று ஒரே கண்ணில் மின்னி, கறுப்புத் தூசியும் பறந்தால் ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாது. இவருக்கு உள்ளே விழித்திரை கிழிந்திருக்கிறது. இவரைப் போலச் சின்ன வயசிலிருந்தே தடித்த கண்ணாடி போடுகிறவர்களுக்கு அது சுலபமாகக் கிழியும். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் திரை கழன்று பார்வையே போயிருக்கும்.

தாண்டவராயருக்கு ஊசியில் நூல் கோர்ப்பது ஞாபகம் வந்தது. அன்றைக்கே லேசரால் கிழிசலைச் சுற்றி அடைத்தார்கள். தையல் மாதிரிதான் என்று டாக்டரம்மா சொன்னதும் அவருக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

வெளியே வந்தால் சொட்டு மருந்து வேகத்தில் ரோடு, பஸ், மாடு எல்லாம் ஜகஜ்ஜோதியாகத் தெரிந்தன. சாமி அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் டீக்கடை பெஞ்சில் உட்கார வைத்தார்.

“நாளைக்கு நான் எங்க உட்காரணும், சாமி? பாயிலயா, தரையிலயா?”

“எங்க வேணும்னாலும் உட்காருங்க. தலையைக் குலுக்காம உட்காருங்க.”

தாண்டவராயர் டீயைப் பாதி குடித்தார். அப்புறம்தான் அவருக்கு அது உறைத்தது.

“சாமிக்கு எப்படித் தெரிஞ்சுது, ஒரு கண்ணைப் பொத்திப் பார்க்கணும்னு?”

“எனக்கும் இதே மின்னல்தான், இதே தூசிதான். வலது கண்ணுல. நானும் உங்களை மாதிரியே சந்தோஷமா ஓடிப்போய் எங்க குருகிட்டச் சொன்னேன்.”

“அவர் என்ன செஞ்சார்?”

சாமி டம்ளரைப் பெஞ்சில் வைத்தார்.

“பாய் போட்டார்.”