ஏரிக்குள் படுத்திருந்த பாம்புக் கவி

முன்னொரு காலத்தில் வெண்கரை நாட்டை உக்கிரசேனன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டானோ ஆட்டிவைத்தானோ, அதை அந்த நாட்டு ஜனங்களைத்தான் கேட்க வேண்டும். அவனுக்குச் சித்திரக்கவிப் பித்து. சொற்களைத் தேராகவும் முரசாகவும் பாம்பாகவும் அடுக்கி எழுதினால்தான் அவனுக்குப் பாட்டு. பித்து முற்றிப் போய், குறை சொல்ல வருகிறவனும் அப்படித்தான் எழுதி வர வேண்டும், வெறும் வாயால் சொன்னால் நாடுகடத்தல் என்று ஆணையே போட்டுவிட்டான்.

பெரிய ஏரியின் கரை உடைந்தது. முறையிட வந்த குடியானவர்களைக் காவலர்கள் வாசலிலேயே விரட்டினார்கள். மந்திரி ஆவுடையப்பர் ஏரியைப் போய்ப் பார்த்துப் பதறிப்போனார். மழைக்கு முன் கரையைக் கட்டாவிட்டால் அடுத்த வருஷமும் ஊருக்குச் சோறில்லை. ராஜாவுக்கோ ஏரி நிறைந்திருப்பதாக நினைப்பு. ஆஸ்தானப் புலவர் கோமதிநாயகம், ஏரியின் வளத்தை இதழ் இதழாகத் தாமரை வடிவில் பாடி, சிம்மாசனத்துக்கு எதிரே மாட்டியிருந்தார்.

மறுநாள் சபையில், தானும் ஒரு பாம்புக் கவி எழுதியிருப்பதாக மந்திரி சொன்னார். புலவருக்கு வயிறு எரிந்தது.

"எங்கே, ஓலையை எடுங்கள் பார்ப்போம்."

"ஓலையில் அடங்காது, புலவரே. மகாராஜா நடந்து வந்துதான் படிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நானே நாட்டை விட்டுப் போகிறேன்."

ராஜாவுக்கு ஆசை தாங்கவில்லை.

விடிந்ததும் ராஜா ஏறி வந்த திரை போட்ட பல்லக்கை, மந்திரி எழுதிவைத்திருந்த பாம்பின் வாலருகே இறக்கினார்கள். தரையில் சுண்ணாம்பால் அடிக்கொரு சொல் வளைந்து வளைந்து போனது. எல்லாம் ராஜாவின் புகழ்தான். அப்புறம் எப்படித் தலை நிமிரும்? "பேஷ், பேஷ்" என்று குனிந்தபடியே நடந்தான். பின்னால் வந்த புலவருக்கு இடம் புரிந்துவிட்டது. எச்சரிக்க வாயைத் திறந்தால் அதுவும் வெறும் பேச்சுதான், நாடுகடத்தல்தான். வியர்த்துப்போய் நடந்தார்.

பாம்பின் வாயில் சொல் இல்லை. "கடைசிச் சொல் எங்கே?" என்று நிமிர்ந்த ராஜா அப்படியே உறைந்துபோனான். கண்ணுக்கெட்டிய மட்டும் வெடித்த சேறு, மீன் முள், கவிழ்ந்த பரிசல், எதிரே உடைந்த கரை.

"இது என்ன பாலைவனம்?"

"தங்கள் பெரிய ஏரி, மகாராஜா."

ராஜா தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஏன் யாருமே சொல்லவில்லை என்று கேட்டான்.

"சொல்ல வந்தவர்களுக்குப் படம் போடத் தெரியவில்லை, மகாராஜா. கடைசிச் சொல்லைத் தாங்கள்தான் சொல்ல வேண்டும்."

ராஜா புலவரைப் பார்த்தான். புலவர் தரையைப் பார்த்தார். ராஜா சுண்ணாம்பை வாங்கி, பாம்பின் வாயில் தன் கையாலேயே 'கட்டுங்கள்' என்று எழுதினான். ஆணையை அங்கேயே ரத்து செய்தான். தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். கரை முடியும்வரை மண் சுமக்கும்படி புலவரை அனுப்பினான்.

மறுநாள் சபையில் வெறும் வாயால் முதல் குறையைச் சொன்னவர் கோமதிநாயகப் புலவர்தான். கூடை ரொம்பக் கனக்கிறதாம்.