பூச்சரம் அறுத்த புஜம்

காது இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுக் கேளுங்கள். வெகுகாலத்துக்கு முன்னால் வெண்கோட்டை என்றொரு ஊர். அதைப் பரஞ்சுடர் என்ற ராஜா ஆண்டுவந்தார்.

அந்த ஊரில் ஒரு விசித்திர வழக்கம். கோட்டைவாசலுக்குக் காவலன் வேண்டுமென்றால் ஓடச் சொல்ல மாட்டார்கள், தூக்கச் சொல்ல மாட்டார்கள், மல்லுக்கு நிற்கச் சொல்ல மாட்டார்கள். புஜத்தில் மல்லிகைச் சரத்தைச் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். புஜத்தை முறுக்கிச் சரத்தை அறுக்கிறவன்தான் காவலன். ராஜாவுக்கே அந்த வேடிக்கையில் கொள்ளை ஆசை என்றால், மற்றவர்கள் வாயைத் திறப்பார்களா?

கொற்றன் ஒரே மூச்சில் மூன்று சரம் அறுத்துக் காவலன் ஆனவன். காலையில், மத்தியானம், சாயங்காலம், மூன்று வேளையும் மணையில் உட்கார்ந்தபடியே கர்லாக்கட்டை சுழற்றிக் கையை மட்டும் வளர்த்தான். கை இரண்டும் உலக்கை, கால் இரண்டும் முருங்கைக்காய். குனிந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும். தாயில்லாத மகள் தத்தைக்கு ஏழு வயது. "தோள்ல தூக்குங்கப்பா" என்று அவள் கெஞ்சினால், "காவக்காரன் புள்ளையத் தூக்கப்படாதும்மா" என்று மழுப்பிவிடுவான்.

அதே போட்டிக்குச் செங்கல் சூளைக்காரி நல்லியும் வந்திருந்தாள். அவள் கையில் மூன்று சரம் கட்டினார்கள். ஒன்றுகூட அறுபடவில்லை. சபையே சிரித்தது.

"செங்கல் சுமக்கிற கைக்குப் பூ எதுக்கு?" என்றான் கொற்றன்.

"சுமக்கிறது கை மட்டுமில்லீங்க" என்றாள் நல்லி. சூளைக்குத் திரும்பிவிட்டாள்.

கோட்டைக் கதவைச் சாத்தியதும் உள்பக்கம் குறுக்கே ஒரு தேக்கு உத்தரம் போட வேண்டும். கணையமரம் என்பார்கள். தினமும் அந்தியில் இரண்டு ஏவலாட்கள் அதைத் தூக்கி மாட்டுவார்கள். கொற்றன் பக்கத்தில் நின்று புஜத்தைத் தடவிக்கொண்டிருப்பான். மூன்று வருஷமாகக் காவல் காத்தவன் அந்த மரத்தை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. அநியாயமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்!

ஒரு நாள் உச்சிப்பொழுது. தத்தை அப்பாவுக்குக் கூழ் கொண்டுவந்திருந்தாள். ஆற்றங்கரையில் பட்டத்து யானை மதம் பிடித்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடி வந்தது. சந்தைக் கூட்டம் அலறியடித்து உள்ளே பாய்ந்து வீடு வீடாய் ஒளிந்தது. ஏவலாட்கள் போன திசை தெரியவில்லை. தலையில் செங்கல் கூடையோடு நல்லி கடைசியாக நுழைந்தாள். கொற்றன் கதவைத் தள்ளிச் சாத்தினான்.

கணையம் போடாத கதவு யானையின் ஒரு முட்டுக்குத் தாங்குமா? அவன் மரத்தின் ஒரு முனையைப் பிடித்தான். கை எழுந்தது, இடுப்பு எழவில்லை. மறுபடி பிடித்தான். முழங்கால் வெடவெடத்தது. மூன்றாம் தரம் பிடித்தான். முதுகில் சுளீர் என்றது. மரம் கீழே விழ, அவனும் பக்கத்தில் விழுந்தான். தன் உடம்பே தன்னைக் கைவிட்டதை அவனால் நம்ப முடியவில்லை.

"அப்பா, எந்திரிங்கப்பா!" தத்தை அவன் கையைப் பிடித்து இழுத்தாள். பிளிறல் வாசலுக்கே வந்துவிட்டது.

நல்லி கூடையை வீசினாள். குந்தினாள். அடிவயிற்றை இறுக்கி, குதிகாலை ஊன்றி எழுந்தாள். ஒரு முனை சுவரோரத்து இரும்புக் கொக்கியில் ஏறியது. ஓடிப்போய் மறுமுனையிலும் குந்தினாள், எழுந்தாள், மாட்டினாள். அடுத்த நொடி யானை மோதியது. சுவர் அதிர்ந்து மண் உதிர்ந்தது. கதவு நின்றது.

கொற்றன் வாய் பிளந்து கிடந்தான். சரம் அறுக்காத கையா இது?

யானை அடங்கியதும் நல்லி கூடையை எடுத்துக்கொண்டாள். "சூளையில மிதிச்சு வெச்ச மண்ணு காஞ்சிரும்" என்று போயே விட்டாள்.

ராஜா ஓடிவந்தார். மாட்டிய கணையத்தைப் பார்த்தார், கொற்றனைப் பார்த்தார். "அடேயப்பா! தன்னந்தனியாகவா? கொண்டு வாருங்கள் சரத்தை! இந்தப் புஜம் இன்னொரு தரம் அறுப்பதைப் பார்க்க வேண்டும்!"

சரம் கட்டினார்கள். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. தத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே முறுக்கு, ஊர் நம்பிவிடும். கொற்றன் கையைத் தொங்கவிட்டான். சரம் அப்படியே இருந்தது.

"மரத்தைத் தூக்கினது நல்லி, மகாராஜா. என்கிட்டே கை மட்டும்தான் இருக்கு. அவகிட்டே உடம்பு இருக்கு."

ராஜா திகைத்துப்போனார். அன்றே காவல் நல்லிக்குப் போனது. கொற்றன் அவளிடமே போய் நின்றான்.

"எனக்கும் சொல்லிக் கொடு, தாயே."

"சொல்றதுக்கு என்ன இருக்கு? மண்ணை மிதிங்க, குந்தி அள்ளுங்க, தூக்கிட்டு நடங்க. கொஞ்சங் கொஞ்சமா கூட்டுங்க."

முதல் நாள் சூளையில் மூன்று மிதியில் சேற்றில் உட்கார்ந்துவிட்டான். மூன்று மாதத்தில் முதுகுப் பிடிப்பு விட்டது. படுத்ததும் தூக்கம் வந்தது. மூன்று பருவம் கழிந்து திருவிழாப் போட்டி வந்தபோது பூச்சரம் இல்லை. தரையில் கணையமரம் கிடந்தது.

கொற்றன் ஒரு முனையில் குந்தி எழுந்து மாட்டினான். மறுமுனையையும் மாட்டினான். ஊர் ஆரவாரம் செய்தது. அவன் காதில் அது ஏறவே இல்லை. மறுபடியும் குந்தினான், இந்தத் தடவை மகளுக்கு முன்னால்.

"ஏறிக்கோம்மா" என்றான்.

ஆகவே, ஓர் உறுப்பை மட்டும் வளர்த்தவன் வேடிக்கைக்குத்தான் ஆவான், உடம்பு முழுவதையும் பழக்கியவரே ஆபத்துக்கு உதவுவார்.