வைரத்தின் நடுவில் இருந்த கறுப்பு

“டீச்சர், என் மச்சான் என் தலையில மிளகாய் அரைச்சுட்டான்,” என்றார் மாத்ருபூதம்.

மரியபுஷ்பம் டீச்சர் நிமிரவில்லை. திருச்சி கோட்டைப் பக்கம் ஒரு மாடி அறையில் வைரம் பார்க்கச் சொல்லித் தருபவர் அவர். கல்லைக் காசு கொடுத்து வாங்கும் முன், அதில் பட்டை சரியாகத் தீட்டியிருக்கிறதா என்று பார்க்கும் வித்தை. சொல்லித் தருகிறார் என்பதுகூடச் சரியில்லை, பேச்சு அவ்வளவு குறைவு.

அவருடைய மாணவர்களில் வயது கூடியவர் மாத்ருபூதம். டீச்சரைவிடவே மூத்தவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலைதான் ஓய்ந்தது, சந்தேகம் ஓயவில்லை. இந்த வயதில் வைரம் படிக்க வந்ததே, மகள் கல்யாண மோதிரத்துக்குக் கல் வாங்கும்போது எவனும் ஏமாற்றிவிடக் கூடாது என்றுதான்.

“எந்த மச்சான்?”

“இருக்கிறது ஒரே மச்சான். என் சம்சாரத்தோட தம்பி செவ்வந்திநாதன். கீழே வண்டியோட நிக்கிறான்.”

“மேல வரலாமே?”

“வர மாட்டேங்கிறான். வந்தா, அவன் டீச்சருக்குக் கண் காட்டினான்னு நான் சொல்வேனாம்.”

“சொல்வீங்களா?”

மாத்ருபூதம் யோசித்தார்.

“சொல்வேன்.”

பையிலிருந்து கல்யாணப் பத்திரிகையை எடுத்து, அதன்மேல் ஒரு சிவப்பு ரவிக்கைத் துணியை வைத்து, டீச்சரிடம் மரியாதையாக நீட்டினார். பிறகு இரண்டு காகிதப் பொட்டலங்களை மேசையில் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வட்ட வைரம். இரண்டும் பார்வைக்கு வாங்கி வந்தவை. இன்னும் விலை கொடுக்கவில்லை.

“இது மச்சான் தனக்குத் தெரிஞ்ச வியாபாரிகிட்ட வாங்கிட்டு வந்தது. இது பெரிய கடையில நானே எடுத்தது. காபி குடுத்தாங்க. குடிக்கலை.”

“ஏன்?”

“சும்மா எதுக்குக் குடுக்கறாங்க?”

டீச்சர் முதல் பொட்டலத்தைத் தொட்டுக் காட்டினார்.

“மச்சான் கல்லுல என்ன?”

“நடுவுல கறுப்பு. கடைக் கல்லுல அது இல்லை. நேத்து அவன் மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன், இதுல உனக்கு என்ன கமிஷன்னு. அவன் சண்டை போடலை. டீச்சரும் கறுப்புன்னு சொல்லிட்டா, கல்யாணத்துல என்னைத் தேடாதீங்கன்னான்.”

சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது. தாய்மாமன் இல்லாமல் ஒரு கல்யாணம். மனைவி நேற்றிலிருந்து அவரோடு பேசவில்லை. மகள் அழுதுகொண்டிருக்கிறாள். அவருக்கும் பயமாகத்தான் இருந்தது. ஏமாந்துபோவது அதைவிடப் பயமாக இருந்தது.

“பாருங்க,” என்றார் டீச்சர்.

மாத்ருபூதம் மச்சான் கொண்டுவந்த கல்லை இடுக்கியில் எடுத்தார். ஜன்னல் பக்கம் போய், மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்தார்.

“கறுப்பு.”

டீச்சர் எழுந்து வந்து, அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். முகத்துக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கை தூரம் விழுந்தது.

கல் பளீரென்று எரிந்தது. கறுப்பைக் காணோம்.

மாத்ருபூதம் கல்லைப் பார்த்தார். டீச்சரின் கைகளைப் பார்த்தார். மேசைக்கு அடியிலும் குனிந்து பார்த்தார்.

“கல்லை மாத்திட்டீங்களா டீச்சர்?”

“இடுக்கி உங்க கையில இருக்கு.”

“நீங்களும் மச்சானும் ஒரே தெருன்னு கேள்விப்பட்டேன்.”

டீச்சருக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தாலும் தப்பில்லை.

“இன்னொரு தடவை கிட்டப் பாருங்க.”

குனிந்தார். கறுப்பு திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது.

“பார்த்தீங்களா? டிக்கெட் இல்லாதவன் கக்கூஸ்ல ஒளியற மாதிரி ஒளிஞ்சு வெளையாடுது. முப்பது வருஷம் இந்த ஆட்டத்தைத்தான் பார்த்தேன்.”

டீச்சர் அந்தச் சிவப்பு ரவிக்கைத் துணியைப் பிரித்தார். மாத்ருபூதத்தின் தலையில் போட்டு, நெற்றி மறைகிற மாதிரி முன்னால் இழுத்துவிட்டார். மகள் கல்யாணத்துக்காக அன்று காலைதான் மை அடித்த தலை.

“என்ன டீச்சர் இது?”

“பாருங்க.”

குனிந்தார். கல்லின் நடுவில் கறுப்பு இல்லை. அதே இடத்தில், அதே அளவில், சிவப்பு இருந்தது.

துணியைப் பின்னால் தள்ளினார். கறுப்பு. முன்னால் இழுத்தார். சிவப்பு. திரும்பவும் தள்ளினார், திரும்பவும் இழுத்தார்.

மை அடித்த தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப கடைக் கல்லுல ஏன் தெரியலை?” என்றார் கடைசியில். குரலில் இன்னும் கொஞ்சம் டிக்கெட் பரிசோதகர் மிச்சம் இருந்தார்.

டீச்சர் அவரை மேசையருகே உட்கார வைத்து, தோளில் தொங்கிய துணியின் முனையை மேசைமேல் இழுத்து விரித்தார். அதன்மேல் கடைக் கல்லை வைத்தார்.

மாத்ருபூதம் மேலிருந்து பார்த்தார். கல்லின் பாதி உடம்பு சிவப்பாக இருந்தது.

“அடியில இருக்கிற துணியே தெரியுது டீச்சர்.”

“பட்டை தப்பு. மேல விழுற வெளிச்சம் திரும்ப மேல வராம கீழ ஒழுகிப் போகுது. உங்க தலையை அது எங்க காட்டப் போகுது?”

அந்தக் கல்லை எடுத்துவிட்டு, மச்சானுடைய கல்லை அதே சிவப்பில் வைத்தார். துணியின் சாயல்கூட அதில் ஏறவில்லை. ஜன்னலில் இருந்த பகல் முழுவதும் அதில் இருந்தது.

டீச்சர் அதைப் பொட்டலத்தில் மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“அப்ப என் மச்சான் நல்லவன்தானா டீச்சர்?”

“நான் கல்லு மட்டும்தான் பார்ப்பேன்.”

மாத்ருபூதம் படியிறங்கினார். கால் தயங்கியது. நேற்று கேட்ட கேள்வியைத் திரும்ப வாங்கிக்கொள்ள என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியவில்லை. வாழ்நாளில் அப்படி ஒன்றை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

செவ்வந்திநாதன் வண்டியில் உட்கார்ந்திருந்தான். முகம் தெருவைப் பார்த்து இருந்தது.

“டீச்சர் என்ன சொன்னாங்க?”

கேட்டுக்கொண்டே திரும்பினான். அவன் பார்வை மாத்ருபூதத்தின் தலைக்குப் போனது.

“தலையில என்ன அத்தான்?”

மாத்ருபூதம் தொட்டுப் பார்த்தார். துணியை எடுக்க மறந்துவிட்டிருந்தார். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. எடுக்கப் போன கையை இறக்கிக்கொண்டு, பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

“நேத்து உன் கல்லுல ஒரு கறுப்பு பார்த்தேனே, அதை மூடி வச்சிருக்கேன். வண்டியை எடு.”