மூன்றாம் வருடத்து ஒயின்

ஸ்பெயினின் வடகிழக்கில் பிரியோராத் என்று ஒரு மலைநாடு. அங்கே திராட்சைக்குப் பந்தல் கிடையாது. சிலேட்டுக் கல் காலடியில் நொறுங்கிச் சரிகிற செங்குத்தான சரிவுகளில், இடுப்புயரம்கூட இல்லாத முறுக்குக் கட்டைகளாக நிற்கும். நூறு வயதைத் தாண்டிய கொடி ஒன்று, வருடத்துக்கு அரைக்கூடை காய்த்தால் பெரிது.

அந்தப் பழைய கொடிகளைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தெக்லா என்ற பெண்மணியைத் தேடிப் போவார்கள். கோவேறு கழுதை ஒன்றை வைத்துக்கொண்டு தனியாளாகச் சரிவை உழுதுவந்தார். பேச்சு குறைவு.

அர்காதி அவரிடம் வந்தபோது அவனுக்கு ஐம்பத்தேழு வயது. தெக்லா அவனைவிட நாலு வயது மூத்தவர். பார்சிலோனாவில் பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். தெக்லா உழுதுகொண்டிருந்த சரிவு ஒருகாலத்தில் அவன் அப்பா பெலக்ரி பார்த்துக்கொண்டது. பன்னிரண்டு வயதில் அவனை மாமா வீட்டுக்குப் படிக்க அனுப்பினார்கள். அடுத்த அறுவடைக்குள் அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா கொடிகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லித் தெக்லாவின் குடும்பத்திடம் விட்டுவிட்டு நகரத்துக்கு வந்துவிட்டாள். அதன் பிறகு அவன் மலைப்பக்கம் திரும்பவில்லை. மனைவி இறந்த வருடம், ஒரே ஒரு பெட்டியோடு வந்து நின்றான்.

"அப்பா செஞ்ச ஒயினை நான் செய்யணும்" என்றான். "அந்த ருசியை ஒரு தடவை திரும்பப் பார்த்துட்டா போதும். கத்துக்கொடுங்க."

"கவாத்து பண்ணத் தெரியுமா?"

"தெரியாது."

"வா."

பனிக்காலம் முழுக்கக் கொடிகளின் பழைய கிளைகளை வெட்டிக் கவாத்து செய்தான். விரல்கள் வெடித்தன. கோடை கழிந்ததும் பறித்தான், மிதித்தான், பீப்பாயில் அடைத்தான். வசந்தத்தில் முதல் கோப்பையை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றான். பிறகு துப்பினான்.

"இது இல்லை."

அந்தப் பீப்பாய் வினிகருக்குப் போனது.

இரண்டாம் வருடம், அப்பா என்றைக்குப் பறிக்கத் தொடங்குவார் என்று ஊர்க் கிழவர்களிடம் விசாரித்து, அதே நாளில் தொடங்கினான். அப்பா மிதித்த கல்தொட்டியைக் கழுவி, அதிலேயே மிதித்தான். அவரைப்போலவே குலைகளைக் காம்போடு போட்டான். சூட்டையும் நாளையும் நோட்டில் எழுதிவைத்தான்.

வசந்தத்தில் கோப்பையைக் கீழே வைத்தான்.

"இதுவும் இல்லை. எங்கே தப்பு பண்றேன்?"

"தப்பு ஒண்ணும் தெரியலையே" என்றார் தெக்லா.

"அப்புறம் ஏன் அந்த ருசி வரலை?"

அவர் கழுதைக்குத் தீனி வைக்கப் போய்விட்டார்.

மூன்றாம் வருடம் மழை இல்லை. பாதிக் கொடிகள் காய்க்கவே இல்லை. காய்த்த குலைகளை அர்காதி ஒவ்வொன்றாகக் கையில் ஏந்திப் பார்த்துப் பறித்தான். மொத்தமே ஒரு சின்னப் பீப்பாய்தான் நிறைந்தது. ஏப்ரலில் அதைத் திறந்தான். ருசி பார்த்தான். தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

சற்று நேரம் கழித்து எழுந்து, சுத்தியலை எடுத்துப் பீப்பாயின் அடித்தக்கையைத் தட்டப் போனான்.

"என்ன பண்றே?"

"ஓடையில விட்டுடறேன். கொடியையும் பிடுங்கிடலாம்னு இருக்கேன். ஆலிவ் வெச்சா எண்ணெயாவது கிடைக்கும். அப்பா போனது போனதுதான்."

தெக்லா சுத்தியலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்த ருசி எப்படி இருக்கும்? சொல்லு."

மூன்று வருடத்தில் அவர் அதைக் கேட்டதில்லை. அவனும் சொன்னதில்லை.

"இனிப்பு" என்றான். "முதல்ல இனிப்புத்தான். அப்புறம் லேசா ஒரு துவர்ப்பு. தொண்டைக்குள்ள சூடா இறங்கும். அறுவடை சமயம், மத்தியானம், அப்பா கூடையை இறக்கி வெச்சுட்டு என்னைக் கூப்பிடுவார். ரெண்டு பேரும் பாறை நிழல்ல உட்காருவோம். அவர் சட்டையில வியர்வையும் திராட்சையும் கலந்த வாசனை வரும். ஒவ்வொரு வாய்க்கும் பல்லுல ஏதோ நறநறங்கும்."

"நறநறங்குமா?"

"சிலேட்டுத் தூசி. இந்த மண்ணே அந்த ஒயின்ல இருந்ததுன்னு என் மாணவர்கள்கிட்டகூடச் சொல்லியிருக்கேன்."

தெக்லா சுத்தியலோடு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தட்டு. அதில் தடிமனாக அறுத்த ஒரு துண்டு ரொட்டி. பீப்பாயிலிருந்து கொஞ்சம் ஒயின் பிடித்து ரொட்டிமேல் ஊற்றினார். அது ஊறிச் சிவந்தது. அதன்மேல் ஒரு கை சர்க்கரையைத் தூவினார்.

"சாப்பிடு."

அர்காதி கடித்தான். மெல்லுவது நடுவில் நின்றது. கண்கள் நிறைந்து வழிந்தன. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. ரொட்டி முழுவதையும் தின்றுவிட்டு, தட்டில் ஒட்டியிருந்த சர்க்கரையையும் விரலால் எடுத்துத் தின்றான்.

"இதுதான்" என்றான். "இது எப்படி உங்களுக்கு..."

"இந்த ஊர்ல அப்போ எல்லாக் குழந்தைக்கும் மத்தியானம் இதைத்தான் கொடுப்பாங்க. நான் உங்க அப்பாகிட்டப் பறிக்க வருவேன். அவர் நனைச்சுத் தர்றதை எத்தனையோ தடவை பார்த்திருக்கேன். இன்னும் சர்க்கரை, இன்னும் சர்க்கரைன்னு அழுவே. அவரும் போட்டுக்கிட்டே இருப்பார்."

அர்காதி சிரித்தான். சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

"அப்போ மூணு வருஷமா நான் தேடினது சர்க்கரை போட்ட ரொட்டியா?"

"ஆமாம்."

அவன் காலித் தட்டைக் கீழே வைத்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

"அப்படின்னா அப்பாவோட ஒயின் எப்படித்தான் இருந்தது?"

தெக்லா அந்தச் சின்னப் பீப்பாயிலிருந்து ஒரு கோப்பையை நிறைய நிரப்பி அவன் கையில் கொடுத்தார்.

"அதை நீ குடிச்சதே இல்லை. உனக்கு வயசு பத்தாதுன்னு அவர் தரலை" என்றார். "இப்போ பத்தும்."