நாற்பத்தெட்டு மாதம் தீப்பிடிக்காத காடு

"மேடம், என் காடு தீப்பிடிக்காதது என் குத்தமா?"

கருங்குன்றம் வனச்சரகர் ஞானசிகாமணி இப்படித்தான் தொடங்கினார். பதினோரு மணி நேரம் பேருந்தில் இந்த ஒரு வாக்கியத்தையே மென்றுகொண்டு வந்ததில் வணக்கம் சொல்ல மறந்துவிட்டார்.

எதிரே இருந்தவர் அங்கயற்கண்ணி. மாநில நிதித்துறையில், காடுகளுக்கும் பூங்காக்களுக்கும் எவ்வளவு ஒதுக்கலாம் என்று பரிந்துரைக்கும் பிரிவின் அலுவலர். வயது முப்பத்தெட்டு. அவரிடம் போகும் கோப்பு ஒரே ஒரு கேள்வியோடு திரும்பி வரும். அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போனவர்களில் சிலர் பதவி உயர்வு பெற்றார்கள். சிலர் விருப்ப ஓய்வு பெற்றார்கள். தலைமைச் செயலகத்தில் அவருக்குப் பெயர் மூன்றாம் மாடிச் சாமியார்.

சாமியார் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"உட்காருங்க."

நாற்காலியில் கோப்புகள் இருந்தன. சரகர் நின்றார்.

"கோப்பைத் தரையில வைங்க சார். அதுக்குக் கால் வலிக்காது."

வைத்தார். உட்கார்ந்தார்.

"சொல்லுங்க."

"வருஷா வருஷம் தையில இருந்து வைகாசி வரைக்கும் தீக்காவலர் அஞ்சு பேரைத் தினக்கூலிக்கு எடுப்போம் மேடம். புல்லை வெட்டி, தீ தாண்டாம கோடு போடுவாவ. புகை கண்டா ஓடுவாவ. இந்த வருஷ பட்ஜெட்ல எங்க சரகத்துக்கு நேரா ஒரு முட்டை போட்டிருக்கு. பக்கத்துச் செம்பாறைச் சரகம் மூணு வருஷமா அடுப்பு மாதிரி எரியுது. அவருக்கு இருபது ஆளு, ஒரு ஜீப்பு, ஒரு தண்ணி லாரி. எரிய விட்டவருக்கு லாரி, எரியாம வச்சிருந்தவனுக்கு முட்டை. இது எந்த ஊரு நியாயம்?"

"இன்னிக்கு என்ன கிழமை?"

"புதன்."

"ஒதுக்கீட்டைத் திருத்தறது வெள்ளிக்கிழமையோட முடியுது. அதுக்கு அப்புறம் நான் நினைச்சாலும் முடியாது."

"தெரியும் மேடம். அதான் ஓடி வந்தேன்."

அங்கயற்கண்ணி பக்கத்து மேசையைப் பார்த்தார்.

"லூர்து, கருங்குன்றம்."

உதவி அலுவலர் லூர்துசாமி ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். தூசி எழுந்தது. ஒவ்வொரு மாதமும் ஒவ்வொரு சரகமும் அனுப்பும் தீ அறிக்கைகள் அவை. நான்கு ஆண்டுகளுக்கு நாற்பத்தெட்டு. எல்லாவற்றிலும் ஞானசிகாமணியின் கையெழுத்து, வாலை நீட்டிப் படுத்திருக்கும் பூனையைப் போல.

"படிங்க. சத்தமா."

சரகர் மூக்குக்கண்ணாடியை மாட்டினார்.

"'கருங்குன்றம் சரகத்தில் ஏப்ரல் மாதத்தில் நிகழ்ந்த தீ நிகழ்வுகள்: இன்மை.'"

"அடுத்தது."

"'மே மாதத்தில் நிகழ்ந்த தீ நிகழ்வுகள்: இன்மை.'"

"அடுத்தது."

ஒன்பதாவது தாளிலிருந்து மாதத்தின் பெயரையும் 'இன்மை'யையும் மட்டும் படித்தார். பதினைந்தாவதிலிருந்து மாதமும் விழுந்தது. இருபதாவதில் லூர்துசாமியின் வாய் தானாகச் சேர்ந்துகொண்டது. ஞாயிறுதோறும் மாதா கோயிலில் மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்லிப் பழகிய வாய் அது.

முப்பத்தொன்றாவது தாளில் சரகர் கொட்டாவி விட்டார்.

"ஏன் சார், தூக்கம் வருதா?"

"ஒண்ணுமே நடக்கலியே மேடம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது.

"இந்தச் சரகத்துக்கு நீங்களா இருந்தா எத்தனை காவலர் கொடுப்பீங்க?"

சரகர் மின்விசிறியைப் பார்த்தார். அது உதவவில்லை.

"முட்டைதான்."

"நானும் அதைத்தான் கொடுத்தேன்."

"நியாயமா இது? நாங்க பாடுபட்டதுக்குச் சாட்சி, காடு எரியாம நிக்கிறதுதான்."

"இந்தக் கட்டடமும் நாலு வருஷமா எரியல. லூர்துவா காப்பாத்தினாரு?"

"ஆமான்னு எழுதிக் கொடுக்கத் தயார் மேடம்," என்றார் லூர்துசாமி. "எனக்கும் அஞ்சு ஆள் வேணும்."

அங்கயற்கண்ணி முதன்முறையாகச் சரகரை நேராகப் பார்த்தார்.

"எத்தனை?"

"எது எத்தனை மேடம்?"

"தீ."

ஞானசிகாமணி கதவைப் பார்த்தார். லூர்துசாமி நாகரிகம் தெரிந்தவர். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். ஆனால் உள்ளேயே இருந்துகொண்டார்.

"இருபத்துமூணு."

லூர்துசாமி 'இன்மை'க் கட்டைத் திரும்பிப் பார்த்தார். சரகர் தொடர்ந்தார்.

"என்ன மேடம் செய்ய? ஒரு தீன்னு எழுதினா மூணு நாள்ல மெமோ வரும். 'தீ ஏன் ஏற்பட்டது, ஏன் தடுக்கவில்லை, வரைபடத்துடன் மூன்று பிரதிகளில் விளக்கம் தருக.' நான் வரைபடம் வரைஞ்சிக்கிட்டு இருக்கையிலே இன்னும் ரெண்டு இடத்துல பத்தும். அதனால எங்க சரகத்துல ஒரு வழக்கம் வச்சிருக்கோம். பொழுது அடையறதுக்குள்ள அணைச்சிட்டோம்னா அது தீ இல்ல. அது புகை. மறுநாளும் எரிஞ்சாத்தான் தீ."

"மறுநாள் எரிஞ்சது எத்தனை?"

"ஒண்ணுகூட இல்ல." அவர் குரலில் பெருமை ஏறியது. "அதுக்குத்தான் நாலு குடியரசு தினத்துக்கும் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தாவ. 'தீயில்லாச் சரகம்'னு. ஆபீஸ்ல வரிசையா மாட்டியிருக்கேன். காவலர் அஞ்சு பேரும் அது கீழ நின்னு போட்டோகூட எடுத்துக்கிட்டாவ."

"அந்த அஞ்சு பேருக்குத்தான் இப்போ முட்டை."

பெருமை இறங்கியது.

அங்கயற்கண்ணி வெள்ளைத்தாள்களை நகர்த்தி வைத்தார்.

"எழுதுங்க. இருபத்துமூணும்."

"எழுதினா ஆள் கிடைக்குமா?"

"பரிந்துரை செய்ய எனக்கு ஒரு காரணம் கிடைக்கும்."

"எனக்கு என்ன கிடைக்கும்?"

"நாலு வருஷமா பொய் அறிக்கை அனுப்பியிருக்கீங்க. குற்றச்சாட்டுக் குறிப்பாணை கிடைக்கும்."

"மேடம், ஜனவரி முப்பத்தொண்ணு எனக்கு ரிட்டயர்மெண்ட்!" நாற்காலி பின்னுக்குப் போனது. "எட்டே வாரம். வழியனுப்பு விழா மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சி. ஆனை வரைக்கும் ஏற்பாடு பண்ணிட்டாவ. வேண்டாம்னுதான் சொன்னேன், கேக்க மாட்டேங்காவ."

"குற்றச்சாட்டு நிலுவையில இருந்தா ஓய்வு பெற விட மாட்டாங்க. ஓய்வூதியமும் நிக்கும்."

"வேற வழியே இல்லியா?"

"இருக்கு. இன்னும் ரெண்டு இன்மை அறிக்கை அனுப்புங்க. ஜனவரி வரைக்கும் புல்லு எப்படி இருக்கும்?"

"பச்சையாத்தான் இருக்கும். மாசியிலதான் காயும்."

"அப்போ எரியற அறிக்கையில உங்க கையெழுத்து இருக்காது."

சாமியார் அடுத்த கோப்பைத் திறந்துவிட்டார். அருளுரை முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம்.

சரகர் கீழே போனார். உணவகத்தில் ஒரு தேநீர் குடித்தார். அது வெந்நீரின் மீது எழுந்த ஒரு சந்தேகம். வெளியே வந்து நின்றார்.

முன்வாசலில் ஒரு புல்தரை. நாலு பேர் பாய் விரித்துப் படுத்தால் நிறைந்துவிடும். அதற்கு எட்டுத் தோட்டக்காரர்கள். ஒருவர் நீர் தெளித்தார், ஒருவர் குழாயைப் பிடித்திருந்தார், ஒருவர் குழாயைப் பிடித்திருந்தவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்ற ஐவரும் பணி நேரம் முடியக் காத்திருந்தார்கள். ஓரத்தில் பலகை: மாநிலப் பூங்காக்கள் மேம்பாட்டுத் திட்டம்.

சரகர் மூன்று மாடியும் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது, கோபம் அதற்காகக் காத்திருக்கவில்லை.

"கீழ ஒரு கைக்குட்டை அளவு புல்லுக்கு எட்டு ஆளு போட்டிருக்கியளே, அது எந்த வருஷம் மேடம் எரிஞ்சது? அதுக்கு எங்க அறிக்கை?"

"அதுக்கு அறிக்கை தேவையில்ல சார். அது முதன்மைச் செயலாளர் ஜன்னலுக்கு நேரா இருக்கு."

"அதுக்கு?"

"உங்க காடு எந்த ஜன்னலுக்கு நேரா இருக்கு?"

ஞானசிகாமணி நின்றார். பிறகு உட்கார்ந்தார். பேனாவைக் கேட்டு வாங்கினார்.

முதல் தீ அலுவலகத் தமிழில் எரிந்தது: 'மேற்படி இடத்தில் மேற்படி நாளில் ஏற்பட்டதாகக் கருதப்படும்.' இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் தமிழ் பொறுமை இழந்தது.

'தேனெடுக்கப் போனவர் பந்தத்தை அணைக்காமல் இறங்கிவிட்டார். காவலர் சொரிமுத்து முதலில் பார்த்தார். பச்சைத் தழையை ஒடித்து அடித்தோம். மாலை ஐந்து மணிக்கு அணைந்தது.'

'காவலர் பேச்சியம்மாள் சேலை முந்தானையை ஓடையில் நனைத்து அடித்தார். சேலை போயிற்று. ஈடு கேட்கவில்லை. எந்தக் கணக்குத் தலைப்பில் கொடுப்பது என்று எனக்கும் தெரியவில்லை.'

'மரம் நடும் விழா. பந்தலுக்குப் பின்னால் நூறடியில் எரிந்தது. மேளச் சத்தத்தில் ஒருவருக்கும் தெரியவில்லை. அணைத்துவிட்டு வந்து வரிசையில் நின்று கைதட்டினோம்.'

மதிய உணவு வேளை போயிற்று. லூர்துசாமி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் படித்தார். பதினேழாவது தீயில் தம்முடைய எலுமிச்சைச் சாதத்தைப் பாதி பிரித்துச் சரகரின் பக்கம் வைத்தார்.

நாலரை மணிக்கு எழுதி முடிந்தது. கடைசியில் ஐந்து காவலர்களின் பெயர். அதன் கீழே வேண்டுகோள்: எதிர்வரும் கோடைக்கு ஆறு காவலர்கள்.

கையெழுத்து மட்டும் போடவில்லை. பூனை வரவேண்டிய இடம் காலியாக இருந்தது.

அங்கயற்கண்ணி ஒரு வரி விடாமல் படித்தார். சேலையில் சற்று நின்றார். மேளத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். கடைசித் தாளுக்கு வந்தார்.

"ஒரு கேள்வி."

லூர்துசாமி கண்களை மூடிக்கொண்டார். எத்தனையோ கோப்புகள் இந்த இடத்தில் உயிர்விட்டதைப் பார்த்தவர் அவர்.

"இருபத்துமூணு தீயை அஞ்சு பேர் அணைச்சிருக்காங்க. ஆறாவது ஆள் எதுக்கு?"

சரகர் தொப்பியைக் கையில் எடுத்து, அதன் உள்பக்கத்தில் ஏதோ எழுதியிருப்பதைப் போலப் பார்த்தார்.

"அஞ்சு பேர் இல்ல மேடம். ஆறு பேர்."

"அஞ்சு பெயர்தான் இருக்கு."

"ஆறாவது ஆளு நான். சம்பளம் வாங்குத அதிகாரி தழையை ஒடிச்சிக்கிட்டு ஓடினான்னு எழுதினா நல்லாவா இருக்கும்? பிப்ரவரியில இருந்து நான் இருக்க மாட்டேன்லா. புதுசா வாரவரு ஓடுவாரோ, வரைபடம் வரைவாரோ. அந்த இடத்துக்கு ஒரு ஆளு வேணும்."

அங்கயற்கண்ணி சிவப்புப் பேனாவை எடுத்தார். 'ஆறு' என்பதை அடித்தார். மேலே 'ஐந்து' என்று எழுதினார்.

"மேடம்!"

"இதுல நீங்க கையெழுத்துப் போட்டா உங்களை சஸ்பெண்ட் பண்ணுவாங்க. ஓய்வு கிடையாது. வீட்ல உக்காந்தா அரைச் சம்பளம்."

"அது தெரிஞ்சுதானே மேடம் எழுதிட்டுக் கையெழுத்துப் போடாம உக்காந்திருக்கேன்."

"சஸ்பென்ஷன் உத்தரவு எதையாவது படிச்சிருக்கீங்களா?"

"அந்தப் பாக்கியம் கிடைக்கல."

"கடைசி வரி எல்லாத்துலயும் ஒண்ணுதான். அனுமதி இல்லாம தலைமையிடத்தை விட்டு எங்கயும் போகக் கூடாது."

"சரி."

"உங்க தலைமையிடம் எது சார்?"

"கருங்குன்றம்..." என்ற சரகர், அடிபட்டுக் கிடந்த 'ஆறு' என்பதைக் குனிந்து பார்த்தார். லூர்துசாமி கண்களைத் திறந்தார்.

ஞானசிகாமணி தாளைத் தம் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.