எதிர் இலை

"அம்மா, தாண்டவனுக்கு மட்டும் தனியாக ஏதோ கொடுக்கிறீர்கள்" என்றார் செங்கோடன்.

அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அந்த மலையடி மடத்தின் தலைவி. செங்கோடனைவிட வயதில் இளையவர்.

"ஏன் அப்படித் தோன்றுகிறது?"

"ஒரே நாளில்தான் வந்தோம். இருவருக்கும் ஒரே நோய். காரணமில்லாத பயம். விடிந்தால் எழுந்திருக்கவே மனம் வராது. இப்போது அவன் பாடிக்கொண்டே தண்ணீர் இறைக்கிறான். எனக்கோ உடம்பில் தெம்பே இல்லை. தூக்கம் இல்லை."

"சாப்பாட்டை மாற்றினால் மனமும் கொஞ்சம் தேறும் என்றேன். இருவருக்கும் ஒரே சமையல்தானே?"

"இல்லை. எதிரே உட்கார்ந்து பார்க்கிறேனே."

"என்ன பார்த்தீர்கள்?"

செங்கோடன் மளமளவென்று சொன்னார்.

காலையில் அவனுக்குக் கேழ்வரகுக் கூழ், வெண்ணெய் மிதக்கும் மோர். மத்தியானம் கொள்ளு ரசம் மறுமுறை கேட்டு வாங்கினான். முருங்கைக்கீரையை முதலில் தின்றான். நெல்லிக்காயைக் கடைசிக்கு ஒதுக்கி வைத்தான். வாழைப்பழம்கூட அவனுக்குத்தான் பெரியது.

அம்மையார் முறத்தைக் கீழே வைத்தார்.

"சரி. இன்று உங்கள் இலையில் என்ன இருந்தது?"

செங்கோடன் விரல் விட்டு எண்ணப் பார்த்தார். ஒரு விரல்கூட மடங்கவில்லை.

"அதேதான் இருந்திருக்கும்" என்றார்.

"உங்கள் இலையில் வைத்தது அப்படியே இருந்ததாம். நேற்றும் அப்படித்தானாம்."

"யார் சொன்னது?"

"தாண்டவன். நீங்கள் செத்துப்போவீர்களோ என்று பயமாக இருக்கிறதாம். இங்கே நின்று அழுதார்."

செங்கோடன் முகம் இறுகியது.

"அவன் எதற்கு என் இலையைப் பார்க்கிறான்?"

அம்மையார் எழுந்து உள்ளே போனார். தட்டு போட்டு மூடிய ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார்.

"என்ன இது?"

"கஞ்சி. தாண்டவன்தான் உங்களுக்கென்று எடுத்து வைத்துவிட்டுப் போனார். தினமும் வைக்கிறார். நீங்கள் பசி என்று கேட்பதே இல்லை; தினமும் நாய்க்குத்தான் ஊற்றுகிறோம்."

செங்கோடன் மூடியிருந்த தட்டை நீக்கிக் கிண்ணத்தை அருகே இழுத்தார். பிறகு இரண்டு கையாலும் எடுத்து ஒரு வாய் குடித்தார்.

இன்னொரு வாய் குடித்தார்.

தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"காரம் அதிகம், அம்மா. கண்ணில் தண்ணீர் வருகிறது."

"அதில் காரமே போடவில்லை" என்றார் அம்மையார்.