உப்புக்குப் பேசிய பேரம்

தெற்கே சின்னப் பாறைக்குன்றைப் பொத்தை என்பார்கள். அப்படி ஒரு பொத்தையின் அடிவாரத்தில், ஓடு வேய்ந்த மடத்தில் இருந்ததால் அவருக்குப் பொத்தையடிச் சாமி என்று பேர் வந்துவிட்டது. சாமிக்கு நாற்பது வயது. சீடர் பேச்சிமுத்துவுக்கு ஐம்பத்தைந்து. அதனால் சாமி சீடரை "அண்ணாச்சி" என்றுதான் கூப்பிடுவார். சீடர் அவரை "சாமி" என்பார். இதில் இரண்டு பேருக்கும் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

பேச்சிமுத்து மாட்டுத் தரகர். வெறுங்கையோடு சந்தைக்குள் நுழைந்து, வாயை மட்டும் முதலாகப் போட்டு மேலே வந்த ஆள். நொண்டுகிற மாட்டை நடையழகு என்று விற்பார். கோபம் மட்டும் மூக்கு நுனியில் நிற்கும். அதை அடக்க வழி கேட்டுத்தான் மடத்துக்கு வந்தார். வழி கேட்டதே கோபமாகத்தான் கேட்டார்.

தீபாவளிக்கு முந்தின நாள் காலையில் வந்து உட்கார்ந்தவர், வழக்கமாகச் சொல்கிற வணக்கத்தைக்கூடச் சொல்லவில்லை.

"சாமி, ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு. யாரு முதல்ல இறங்கணும்?"

"யாரு அந்த ரெண்டு பேரு?"

"ஒருத்தன் நான்."

"அது தெரியுது. இன்னொருத்தர்?"

"ஆவுடையப்பன்."

சாமிக்கும் கதை தெரியும். சந்தைக்கே தெரியும். பேச்சிமுத்துவும் ஆவுடையப்பனும் ஒரே தட்டில் சோறு தின்றவர்கள். ஒரு நாள் பேச்சிமுத்து ஒரு பசுவுக்கு விலை முடிக்கப் போகும் நேரத்தில், ஆவுடையப்பன் வாங்க வந்தவரிடம், "ஒரு காம்பு அடைப்பு, பார்த்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டார். சொன்னது உண்மை. வியாபாரம் போயிற்று. பேச்சிமுத்து ஆவுடையப்பன் தோளில் கிடந்த துண்டை உருவிச் சாணியில் எறிந்தார். அத்தனை பேர் பார்க்க, "நீயெல்லாம் ஒரு ஆளா?" என்றார். அதற்குப் பிறகு பேச்சு இல்லை. வந்த தீபாவளிகளும் அப்படியே போயின.

"இப்ப என்ன திடீர்னு?" என்றார் சாமி.

"மகன்கூடப் போய் இருக்கப்போறானாம், திருப்பூருக்கு. தொழுவத்தை வித்துட்டான். தீபாவளி கழிஞ்ச மறுநாள் ரயிலு. இனிமே இந்தப் பக்கம் வரமாட்டான்."

"போய்ப் பார்க்கலாமே."

"அவன் ஒரு வார்த்தை சொல்லட்டும் சாமி, நான் பத்து வார்த்தை சொல்லுதேன். ஆனா முதல் வார்த்தை அவன் வாயிலேருந்து வரணும். அதான் கேக்கேன், யாரு முதல்ல இறங்கணும்?"

சாமி எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு மிட்டாய் கிண்டணும். கூட ஒரு கை பிடிங்க."

வருஷம் முழுக்க மடத்துக்கு அரிசியும் காயும் விறகும் கொடுக்கிற வீடுகளுக்குத் தீபாவளி அன்று ஆளுக்கொரு பொட்டலம் கடலை மிட்டாய் போகும். சாமியே கிண்டுவார். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெல்லம், வறுத்துத் தோல் நீக்கிய கடலை, கொஞ்சம் உப்பு. அவ்வளவுதான்.

முற்றத்து அடுப்பில் இரும்புச் சட்டி ஏறியது. வெல்லத்தைக் கரைத்து, மண் போக வடிகட்டி ஊற்றினார்கள். கரண்டி பேச்சிமுத்து கையில். சந்தைக்கதை பேசிக்கொண்டே கிண்டினார். பாகு நுரைத்து, பொங்கி, நிறம் மாறிக்கொண்டு வந்தது. சாமி ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு, இறுகியதும் எடுத்துத் தட்டில் போட்டார். டங்கென்று சத்தம் வந்தது.

"பதம் வந்துட்டு. இறக்குங்க. கடலையையும் உப்பையும் ஒண்ணாக் கொட்டிரலாம்."

"உப்பா?" சட்டியை இறக்கி வைத்த பேச்சிமுத்து கரண்டியை நிறுத்தினார். "மிட்டாயிலயா?"

"ஆமா."

"தீபாவளிக்குக் கொடுக்கிற சாமான் சாமி. அதுல எவனாவது உப்பைப் போடுவானா? வாங்குறவன் என்ன நினைப்பான்?"

"வெறும் இனிப்புன்னா ஒரு துண்டோட திகட்டிரும். உப்பு இருந்தாத்தான் அடுத்த துண்டுக்குக் கை போகும்."

"சரி, போட்டே ஆகணும்னா ஒரு சிட்டிகை போடுங்க."

"சின்னக் கரண்டிக்கு அஞ்சு."

"அஞ்சா? கருவாடா போடுதீங்க?"

"இவ்வளவு பெரிய சட்டிக்கு அஞ்சு வேணும் அண்ணாச்சி."

"முடியாது."

சாமி பேச்சிமுத்துவின் தோளைப் பார்த்தார்.

"சந்தையில எப்படிப் பேசுவீங்க? துண்டைப் போடுங்க, பேசித் தீர்த்துருவோம்."

பேச்சிமுத்துவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. சாமியே பேரத்துக்குக் கூப்பிடுகிறார். கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு, துண்டை உதறி இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டார். மாட்டுத் தரகர்கள் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டுக்குள்ளே கை கோத்து, எதிராளியின் விரலைப் பிடித்துக் காட்டுவார்கள். இங்கே ஒரு விரலுக்கு ஒரு கரண்டி உப்பு என்று கணக்கு.

சாமி ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

பேச்சிமுத்து சாமியின் சுண்டு விரலைத் தொட்டுப் பாதியில் மடக்கினார். அரை.

"இது நியாயமா அண்ணாச்சி?"

"சந்தைக்கு வந்தா நியாயம் பேசப்பிடாது சாமி. விரலைப் பேசுங்க."

சாமி ஐந்திலேயே நின்றார். பேச்சிமுத்து ஒன்றுக்கு வந்தார். சாமி அசையவில்லை. பேச்சிமுத்து கையை உருவிக்கொண்டு, வியாபாரம் வேண்டாம் என்று எழுந்து போகிற மாதிரி முற்றத்து வாசல்வரை நடந்து, பிறகு திரும்பி வந்தார். அது தரகர் வித்தை. சாமி அதையும் ரசித்தார். மறுபடி துண்டு விழுந்தது. சாமி நாலரை என்றார். பேச்சிமுத்து ஒன்றேகால். இப்படி ஒரு எதிராளி சந்தையில்கூடக் கிடைத்ததில்லை. நெற்றியில் வேர்வை பூத்தது. வெகுநேரம் இழுத்து இழுத்து, கடைசியில் மூன்றில் முடிந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் சாமி.

"முடிஞ்சுது. வெளியாளா இருந்தா ரெண்டுல முடிச்சிருப்பேன். நீங்கங்கிறதால விட்டேன்."

பேச்சிமுத்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கரண்டியைப் பிடித்தார். கரண்டி வரவில்லை. இழுத்தார். கரண்டியோடு சட்டியும் சேர்ந்து தூக்கிக்கொண்டு வந்தது. பாகு கல்லாய் இறுகிக் கிடந்தது. கடலை ஒரு பக்கம் தட்டில், உப்பு ஒரு பக்கம் கிண்ணத்தில், வைத்தது வைத்தபடி இருந்தன.

சாமி எட்டிப் பார்த்தார். "அடடா."

"நீங்க கவனிச்சிருக்கக்கூடாதா சாமி?"

"என் கை துண்டுக்குள்ளல்லா இருந்தது."

"என் கையும் அங்கதான இருந்தது. அஞ்சைப் பிடிச்சுக்கிட்டு இறங்கமாட்டேன்னு நின்னது நீங்கதான்."

"நீங்க அரையைப் பிடிச்சுக்கிட்டு ஏறமாட்டேன்னு நின்னீங்க."

"எவனாவது ஒருத்தன் கையை உருவிட்டுக் கடலையைக் கொட்டியிருந்தா..." என்று கத்த ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமி ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினார்.

"ஊத்தி மறுபடி ஏத்துங்க. இளகிரும். நிறம் கொஞ்சம் கறுக்கும். தின்ன ஒண்ணும் கெடாது."

இந்தத் தடவை பேச்சிமுத்து வாய் திறக்கவில்லை. பாகு இளகி, மறுபடி கொதித்து, தட்டில் டங்கென்று சொன்னதுதான் தாமதம், சட்டியை இறக்கிக் கடலையைக் கவிழ்த்தார். உப்புக் கிண்ணத்தில் கையை விட்டு அள்ளியதைக் கணக்குப் பார்க்காமல் அப்படியே போட்டுக் கிண்டினார். மூன்று கரண்டியை அது எப்போதோ தாண்டியிருக்கும். சாமி பார்த்துக்கொண்டே இருந்தார்.

எண்ணெய் தடவின பலகையில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் உருட்டிப் பரத்தி, கத்தியால் கீறினார்கள். மத்தியானத்துக்கெல்லாம் தாளில் பொட்டலம் கட்டி நூல் சுற்றியாயிற்று.

"மேலத்தெருவுக்கு நீங்க கொடுத்துருங்க அண்ணாச்சி. கீழத்தெருவை நான் பார்த்துக்கிடுதேன்."

பேச்சிமுத்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு பொட்டலம் கூட எடுத்துக்கிடுதேன் சாமி. ஆவுடையப்பன் வீட்டுக்கு. ஆட்டோக்காரன்ட்ட கொடுத்துவிட்டுருவேன்."

"தாராளமா எடுங்க. ஆனா அவரு தெருவுக்குள்ள ஆட்டோ போகாதே."

"ஏன்?"

"குறுக்கே குழி தோண்டிப் போட்டிருக்காங்க."

பேச்சிமுத்து நடந்தே போனார். மேலத்தெரு முழுக்கக் கொடுத்து முடித்து, கடைசியில் ஆவுடையப்பன் தெருவுக்குத் திரும்பினால், தெரு கழுவிவிட்ட மாதிரிக் கிடந்தது. குழியும் இல்லை, மண்ணும் இல்லை. ஒரு ஆட்டோ அவரை உரசிக்கொண்டு போயிற்று.

"சாமியாராம் சாமியார்" என்று முணுமுணுத்துக்கொண்டே வாசலுக்குப் போனார்.

உள்ளே சாமான்கள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன. தொழுவம் வெறிச்சென்று இருந்தது. ஆவுடையப்பன் ஒரு மூட்டைக்குக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"நான்தான்."

"நான்தான்னா? ஊருல ஆயிரம் நான்தான் இருக்கானுவ."

"பேச்சி."

கயிறு கையிலேயே நின்றது. ஆவுடையப்பன் பார்வை பொட்டலம் வரைக்கும்தான் ஏறியது.

"என்ன வே அது கையில?"

"மடத்து மிட்டாய். சாமி கொடுத்து..." என்று ஆரம்பித்தவர் அதை விட்டுவிட்டுச் சொன்னார். "நான்தான் கிண்டினேன்."

"நீ கிண்டினியா? சுடுதண்ணி வச்சாலே அடிப்பிடிக்கும் உனக்கு."

ஆவுடையப்பன் பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டை எடுத்தார். கடைவாயில் வைத்து உடைத்தார். மெல்ல மெல்ல முகம் சுருங்கியது.

"உப்பு கூடிப்போச்சு."

பேச்சிமுத்துவுக்குக் காதோரம் சூடேறியது. தன் கைச்சரக்கில் ஒருத்தன் குறை சொல்லி அவர் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது. அதுதான் பக்குவம், உன் நாக்குதான் சரியில்லை, காசா பணமா, சும்மா கொடுத்தா தின்னேன் என்று நாலு பதில் வரிசையாக நாக்கில் வந்து நின்றன. எல்லாவற்றையும் விழுங்கினார்.

"ஆமா. கூடித்தான் போச்சு. என் கைதான்."

ஆவுடையப்பன் மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு மூட்டை மேல் இருந்த துணிகளைத் தள்ளிவிட்டு இடம் பண்ணினார்.

"உக்காரு."

உட்கார்ந்தார்.

"காம்பு அடைப்பை நானும் உன்ட்டத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். தனியாக் கூப்பிட்டு."

"விடு வே."

"விடுறதாவது? நீ சாணியில எறிஞ்சது நல்ல துண்டு."

"தெரியும். நான்தான வாங்கிக் கொடுத்தேன். என் துண்டைத்தான எறிஞ்சேன்."

"துண்டு உன் துண்டுதான். தோளு என் தோளுல்லா."

ஆவுடையப்பன் இன்னொரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, பொட்டலத்தை அவர் பக்கம் நகர்த்தினார். இரண்டு பேரும் மென்றார்கள். செத்துப்போன ஒரு காளையைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்து, ஏமாந்த ஒரு வியாபாரியிடம் போய், இரண்டு பேரும் மூட்டை மேல் சரிந்து சிரிக்கும்போது தெருவில் விளக்கு எரிந்தது. தாளில் தூள்கூட மிஞ்சவில்லை.

தீபாவளி கழிந்தது. அதற்கு மறுநாள் சாயங்காலம் பேச்சிமுத்து மடத்துக்கு வந்தார். ஒரு சுற்று இளைத்த மாதிரி இருந்தார்.

"ரயிலேத்திவிட்டுட்டு வாரேன் சாமி."

"நல்லது."

"என்ன நல்லது? நஷ்டம் சாமி. முழு நஷ்டம். மூட்டை தூக்குன கூலிகூட மிஞ்சலை. கோபத்தோடயே இருந்திருந்தா, போறவன் போறான்னு வீட்டுல காலை நீட்டிப் படுத்திருப்பேன். இப்ப பாருங்க, ரயிலு நகருது, இவன் ஜன்னல்ல கையை ஆட்டுதான், எனக்கு இங்க என்னமோ செய்யுது." நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "எல்லாப் பாடும் பட்டு எனக்குக் கிடைச்சது என்ன? ஒரு சாயங்காலம். அதுக்கப்புறம் ஆளைக் காணோம். இது எந்த ஊரு வியாபாரம்?"

சாமி உள்ளே போய் மிட்டாய் வைத்திருந்த தகர டப்பாவை எடுத்து வந்தார். மூலையில் ஒரே ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. அதைக் கத்தி முனையால் பெயர்த்து, பேச்சிமுத்துவின் உள்ளங்கையில் வைத்தார்.

"தீர்ந்துபோகும்னு தெரிஞ்சுதான அண்ணாச்சி, நாம ரெண்டு தடவை கிண்டினோம்?"